ரங்கூன் மரியன்னை பேராலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் சிவப்புச் செங்கல் பேராலயம் இரண்டு இருக்கின்றனவே. நம்முடையது எது?

போஜோ ஆங் சான் சாலையில், போஜோ சந்தைக்குப் பக்கத்தில் இருப்பது ஹோலி டிரினிட்டி. அது ஆங்கிலிக்கன் சபையின் பேராலயம். 1886இல் வைஸ்ராய் டஃபரின் அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவேலைதான் என்பதால் அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் நம்மவர்களுக்கு மெட்ராஸ் ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

கத்தோலிக்கப் பேராலயம் அதே சாலையில் கிழக்கே, போ ஆங் ஜோ தெரு முனையில், பொட்டடாங் வட்டாரத்தில் இருக்கிறது. அமல உற்பவ மாதாவுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. எல்லோர் வாயிலும் செயின்ட் மேரிஸ். முன்னால் ஊசிக்கூர் வைத்த இரண்டு கோபுரங்கள் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். டாக்சிக்காரரிடம் 'பெரிய மாதா கோவில்' என்று மட்டும் சொன்னால் அவர் மற்றதில் இறக்கிவிடக்கூடும். தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாத்தாவின் கடிதங்களில் 'ஸ்பார்க்ஸ் ஸ்ட்ரீட்' என்று இருக்கிறது. அது எங்கே?

அதே தெருதான். 1938 டிசம்பரில் தலைமைச் செயலகத்துக்கு வெளியே போலீஸ் அடியில் உயிரிழந்த மாணவர் ஆங் ஜோவின் பெயர் பின்னால் அதற்குச் சூட்டப்பட்டது. மற்றவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மாண்ட்கோமரி ஸ்ட்ரீட் இப்போது போஜோ ஆங் சான் சாலை, ஃப்ரேசர் ஸ்ட்ரீட் அனோரதா சாலை, டல்ஹவுசி ஸ்ட்ரீட் மகாபந்தூலா சாலை, ஃபேர் ஸ்ட்ரீட் பன்சொடான். பழைய முகவரியோடு தேடி வருகிறவர்களுக்கு இந்த நான்கு பெயர்கள் போதும், பாதித் தொல்லை தீரும்.

யார் கட்டியது? எப்போது?

இடத்தைக் கீழ்ப் பர்மா அரசாங்கம் கொடுத்தது. திட்டத்துக்கு வித்திட்டவர் பாரிஸ் வேதபோதக சபையின் ஆயர் பால் ஆம்ப்ரோய்ஸ் பிகாண்டே. அவர் 1894 மார்ச்சில் இறந்துவிட்டார், சுவர் எழும்பியதைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஆயர் அலெக்சாண்டர் கார்தோ வேலையை முன்னெடுத்தார். தொடக்கம் 1895. நிறைவு நாள் என்று பரவலாகக் குறிக்கப்படுவது 1899 நவம்பர் 19.

ஒரு கோவிலுக்கு அடிக்கல், மந்திரிப்பு, நேர்ந்தளிப்பு என்று மூன்று தனித்தனிச் சடங்குகள் உண்டு. நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுவது எங்கும் சாதாரணம். 'கட்டிய ஆண்டு' என்று எங்காவது படித்தால் எந்தச் சடங்கின் ஆண்டு அது என்று கேட்டுப் பழகுங்கள்.

முதல் வரைபடம் ஹென்றி ஹோய்ன்-ஃபாக்ஸ் என்ற அரசாங்கப் பொறியாளர் போட்டது. பக்கத்துத் தலைமைச் செயலகத்தின் கட்டடக் கலைஞரும் அவரே. அவர் நினைத்தது குவிமாடம் வைத்த பைசாந்தியப் பாணி. பிறகு நெதர்லாந்துக்காரரான யோஸ் கோய்பர்ஸ் கையில் வேலை போனது, வடிவம் கூர்நுனி வளைவு வைத்த கோதிக்காக மாறியது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தையும் மத்திய ரயில் நிலையத்தையும் வரைந்த பியர் கோய்பர்ஸின் மகன் இவர். ஹார்லெம் நகரத்துப் புனித பாவோ பேராலயத்தையும் இதே 1895இல்தான் தொடங்கினார்.

அதற்கு முன்பு பர்மாவில் கத்தோலிக்கக் கோவிலே இல்லையா?

இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில், இன்றைய தன்லினில், பர்னபைட் சபைக் குருக்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்கல்லால் ஒரு கோவில் எழுப்பினார்கள். அதன் இடிபாட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். கூரை கிடையாது, சுவர்கள்தான். மரியன்னை பேராலயத்தைப் பார்க்க வருபவர்கள் அரை நாள் ஒதுக்கி அதையும் பார்ப்பது நல்லது. பராமரிக்கிற செங்கல் சுவரும் கைவிட்ட செங்கல் சுவரும் எப்படி மூப்படைகின்றன என்பது அங்கேதான் புரியும்.

கோதிக் என்றால் கல் அல்லவா? இங்கே ஏன் செங்கல்?

ரங்கூன் ஆற்று வண்டல் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்தில் கட்டடக் கல் கிடையாது, செங்கல்லுக்கான களிமண்ணோ வேண்டுமளவு உண்டு. நெதர்லாந்தின் கதையும் அதேதான். அங்கே நூற்றாண்டுகளாகச் செங்கல்லிலேயே கோதிக் கோவில் கட்டி வந்தார்கள். ஆகையால் ஒரு டச்சுக்காரர் ரங்கூனுக்குக் கோவில் வரைந்தது தற்செயலாக இருந்தாலும் மண்ணுக்குப் பொருந்திய தற்செயல்.

செங்கல்லுக்கு ஒரு குணம். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். கோதிக் கட்டடம் முழுவதும் இந்தக் குணத்தைச் சுற்றியே யோசிக்கப்பட்டது. கூர்நுனி வளைவு அரைவட்ட வளைவைவிடச் சுமையைச் செங்குத்தாகக் கீழே அனுப்பும், பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. மீதித் தள்ளலைத் தடுக்கத்தான் சன்னலுக்குச் சன்னல் நடுவே சுவருக்கு வெளியே முட்டுச் சுவர்கள். வெளியே நின்று அவற்றைப் பார்த்தால் உள்ளே வளைவு எங்கெங்கே இறங்குகிறது என்று கோவிலுக்குள் போகாமலே சொல்லிவிடலாம். முட்டுச் சுவர் ஏந்திக்கொள்வதால் நடுவில் உள்ள சுவருக்கு வேலை அதிகம் இல்லை, அங்கே உயரமான சன்னல் வைக்க முடிகிறது.

இரட்டைக் கோபுரம் உள்ள கோவில்களில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோபுரம் தன் அடி மண்மேல் ஏற்றும் சுமை நடுக்கூடம் ஏற்றுவதைவிட மிக அதிகம். மெத்தென்ற மண்ணில் இரண்டும் ஒரே அளவு இறங்காது. கோபுரச் சுவர் நடுக்கூடச் சுவரோடு சேரும் மூலையில் விரிசல் முதலில் தலைகாட்டும்.

உள்ளே சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாக வரி ஓடுகிறதே, அதுவா பைசாந்தியம்?

அந்தச் சாயல் உண்டு. வெளியே ஒரே சிவப்பாக இருந்த கட்டடம் வாசலைத் தாண்டியதும் நிறம் மாறி வரிவரியாக விரிவதுதான் முதல்முறை வருகிறவர்களை நிறுத்தி வைக்கிறது. பைசாந்தியக் கட்டடத்தின் அடையாளம் குவிமாடமும் அரைவட்ட வளைவும். இங்கே எலும்புக்கூடு கோதிக், மேலே போர்த்த துணி மட்டும் பைசாந்தியச் சாயல். நடுவழியில் நின்று பீடத்தை நோக்கிப் பார்க்கும்போது வரிகள் தூண்களில் ஏறி வளைவைச் சுற்றி மறுபக்கம் இறங்குவதைக் கண்ணால் பின்தொடருங்கள். வளைவின் உச்சியில் எங்காவது வரி அரை விரல் விலகியிருந்தால் கண்ணுக்கு உடனே உறுத்தும். கட்டடப் பரிசோதகருக்கு அந்த வரி இலவசமாகக் கிடைத்த அளவுகோல்.

1930 நிலநடுக்கத்தில் என்ன ஆனது?

1930 மே 5 இரவு பெகு (இன்றைய பகோ) பக்கம் சகாயிங் நிலப்பிளவில் மண் குலுங்கியது. பெகுவின் ஷ்வேமோடோ பகோடாவே சரிந்தது. ரங்கூனிலும் உயிர்ச்சேதம். பேராலயம் நின்றது. 2025 மார்ச் 28 நிலநடுக்கமும் அதே பிளவில்தான், ஆனால் அடி விழுந்தது மாண்டலே, சகாயிங் பக்கம்.

நில அதிர்வில் செங்கல் கோவிலில் முதலில் ஆபத்துக்குள்ளாவது உயரமான, தனித்து நிற்கும் பகுதிகள்: ஊசிக்கோபுர நுனி, முக்கோண முகப்புச் சுவர், கூரை ஓரத்துக் கைப்பிடிச் சுவர். அதிர்வுக்குப் பிறகு உள்ளே விரிசல் இல்லையே என்று நிம்மதி அடையாமல் முதலில் மேலே இவற்றைப் பாருங்கள். ஆள் ஏறாமல் தரையிலிருந்து தொலைநோக்கியால் பார்ப்பதே முதல் படி.

பழைய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எங்கே?

1944 டிசம்பர் 14 அன்று நேச நாட்டு விமானங்கள் பக்கத்து ரயில்வே பகுதியில் குண்டு போட்டன. ரயில் பாதை இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த அதிர்வில் கண்ணாடிகள் போயின, சுவர் நின்றது. குண்டின் காற்றழுத்தம் தட்டையான, மெல்லிய, ஈயச் சட்டத்தில் கோத்த பரப்பைத்தான் முதலில் பதம் பார்க்கும். இன்று சன்னல்களில் இருப்பதைப் பார்த்து '1899இன் கண்ணாடி' என்று யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம்.

போரும் நிலநடுக்கமும் நர்கீசும் தாண்டிய கோவிலுக்கு இப்போது என்ன பயம்?

தண்ணீர். நர்கீஸ் புயல் 2008 மே 2, 3 என்று இரண்டு நாளில் போய்விட்டது. மழை வருடாவருடம் மே நடுவில் வந்து அக்டோபர் வரை உட்கார்ந்துகொள்ளும். ரங்கூனின் ஆண்டு மழை ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர். ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவில் கொட்டும். கணக்குக்காக 1,000 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொண்டால் ஜூலையில் மட்டும் அந்தக் கூரை ஆறு லட்சம் லிட்டர் தண்ணீரைக் கீழே இறக்க வேண்டும். ஒரு வடிகுழாயில் ஒரு புறாக்கூடு அடைத்துக்கொண்டால் அந்தப் பங்கு முழுவதும் சுவர் வழியே இறங்கும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. ஏப்ரல் முடிவதற்குள் கூரைப் பள்ளங்களையும் வடிகுழாய்களையும் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பெருமழையில் ஒருவர் குடையோடு வெளியே நின்று எங்கே வழிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் நாளில் எத்தனை பேர் வந்து ஆராய்ந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. சுவரடியில் தண்ணீர் தேங்கினால் மண்ணை வெளிப்பக்கமாகச் சரித்து விடுங்கள். அழகுக்காகச் சுவரை ஒட்டிப் போடும் சிமெண்ட் தளம் ஈரத்தை மண்ணுக்குள் அடைத்து, செங்கல் வழியாக மேலே ஏற்றிவிடும்.

எங்கள் பங்குக் கோவிலும் அந்தக் காலத்துச் செங்கல்தான். காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?

வேண்டாம். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஈரம் உள்ளே வரும், பிறகு காரை வழியாகவே காய்ந்து போகும். காரை செங்கல்லைவிட மென்மையானது, அதனால் தேய்வது காரையாக இருக்கும். இடுக்கில் சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வேறு வழியில்லாமல் செங்கல் முகத்தின் வழியே வரும், உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். முதலில் வெள்ளை பூக்கும். சில மழைக்காலம் போனால் செங்கல்லின் முகம் பொருக்காகக் கழன்று விழும், சிமெண்ட் கோடு மட்டும் சிலந்தி வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

இருப்பது எந்தக் காரை என்று தெரிய ஓர் ஆணியால் கீறுங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, ஆணி வழுக்கினால் யாரோ ஏற்கெனவே சிமெண்ட் வைத்திருக்கிறார்கள்.

இடுக்கு நிரப்பும் முறை: உதிர்ந்த காரையைச் சுத்தியலும் சிற்றுளியும் வைத்துக் கையாலேயே எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் செங்கல் விளிம்பு போகும், அதை மறுபடி ஒட்ட முடியாது. ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூசியைத் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளிக்கவும். காய்ந்த செங்கல் புதுக் காரையின் தண்ணீரை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும், பிறகு காரை மணலாகத்தான் உதிரும். கலவை: நீர்த்து ஊறப்போட்ட சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் உப்பைக் கொண்டுவரும், தொடவே கூடாது. சுண்ணாம்பு சரியாக நீர்க்காமல் கலந்தால் சுவரில் ஏறிய பிறகு கட்டிகள் உப்பிக் காரையைத் தள்ளும். அதனால்தான் ஊற வைப்பதில் அவசரம் கூடாது என்கிறார்கள் பழைய கொத்தனார்கள்.

காரையை இறுக்கி அடைத்து, கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகியதும் நார் பிரஷால் தட்டி விடுங்கள். ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் நிழலில் காய விடவும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செய்தால் நல்லது. மார்ச், ஏப்ரல் வெயில் வேகமாகக் காய வைத்து வெடிக்க விடும், மழைக்காலத்தில் காரை கழுவிப் போகும்.

பாசியை நீக்க மெல்லிய பிரஷும் தண்ணீரும் போதும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல்தான் அதன் கவசம். அது போனால் அடுத்த மழை உள்ளேதான்.

கோபுர இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

விரல் நீளக் கன்றாக இருந்தால் பிடுங்கலாம். வேர் இடுக்குக்குள் போய்விட்டதென்றால் இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். அடியில் வெட்டி, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் உள்ளேயே செத்துக் காய்ந்த பிறகு அந்த இடுக்கைக் காரையால் அடைக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். விதையைக் கொண்டுவருவது பறவையும் வவ்வாலும். உட்கார இடம் கொடுக்காமல் கோபுரத் திறப்புகளில் வலை அடித்தால் பாதி வேலை குறையும்.

விரிசல் ஆபத்தானதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அகலத்தைவிட அசைவு முக்கியம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிசால் ஒட்டி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலம், ஒரு வெயில் காலம் இரண்டையும் பார்த்த பிறகே முடிவு செய்யலாம், ஏனெனில் வண்டல் மண் நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. 1 மில்லிமீட்டருக்குள் அசையாமல் இருப்பது வயதான கட்டடத்தின் சுருக்கம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, மேலே அகலமாகக் கீழே ஒடுங்கினாலோ, வளைவின் உச்சியில் செங்கல் ஒன்று இறங்கியிருந்தாலோ பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அதுவரை கீழே பெஞ்சு போடாதீர்கள்.

தாத்தா பாட்டி ரங்கூனில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பதிவு கிடைக்குமா?

1942இல் நடந்தே இந்தியா போனவர்களும் 1964க்குப் பின் கப்பல் ஏறியவர்களும் பலர் கையில் காகிதம் இல்லாமல்தான் போனார்கள். ஆகவே இந்தக் கேள்வி ஓயாது.

முதலில் தெரிய வேண்டியது: ஞானஸ்நானப் பதிவு, கொடுத்த பங்குக் கோவிலில்தான் இருக்கும். பேராலயம் என்பதால் ஊர்ப் பதிவெல்லாம் அங்கே குவிந்திருக்காது. தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு மேல் பன்சொடான் தெருவின் புனித அந்தோனியார் கோவில்தான் பங்கு. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரை நாடிப் போன கதை வீட்டில் இருந்தால் அங்கேயே முதலில் கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் பெயர். அக்காலப் பதிவேடுகள் லத்தீனில் எழுதுவது வழக்கம். சூசை என்று தேடினால் கிடைக்காது, யோசேபுஸ் என்று இருக்கும். ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னேஸ், இன்னாசி இக்னாசியுஸ், யாகப்பன் யாக்கோபுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ், சாமிநாதன் தொமினிக்குஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். வீட்டில் கூப்பிட்ட பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் தேடுகிறவர் கைவிரித்துவிடுவார். இரண்டையும் எழுதுங்கள். கூடவே தகப்பன் பெயர், தாய் பெயர், தெரிந்தால் ஞானத்தாய் தந்தை பெயர், இரண்டு மூன்று ஆண்டுக்குள் அடங்கும் காலக்கணக்கு. 'போருக்கு முன்பு' என்பது காலக்கணக்கு ஆகாது.

ஒரு உபயோகமான விஷயம்: 1908க்குப் பிறகு திருமணமானால் அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. ஓரக் குறிப்பையும் சேர்த்துப் படியெடுத்துத் தரக் கேளுங்கள். ஒரு பதிவைத் தேடப் போய் இரண்டு கிடைக்கலாம்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் பேராலயத்துடையதா?

தெ லா சால் சகோதரர்கள் நடத்திய செயின்ட் பால்ஸ் அது. 1960களில் அரசுடைமை ஆனது. இப்போது பொட்டடாங் 6ஆம் எண் அரசுப் பள்ளி.

பாப்பரசர் வந்தது இங்கேதானா?

2017 நவம்பர் 29 அன்று பெரிய திருப்பலி சாய்க்கசான் மைதானத்தில். மறுநாள் 30ஆம் தேதி இளையோருக்கான திருப்பலி இந்தப் பேராலயத்தில். மியான்மருக்கு வந்த முதல் பாப்பரசர் பிரான்சிஸ். அப்போது இங்கே பேராயர், நாட்டின் முதல் கர்தினாலான சார்லஸ் மாங் போ.

எப்போது போய்ப் பார்ப்பது நல்லது?

கட்டடம் பார்க்க டிசம்பர், ஜனவரி. டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாள், கூட்டம் இருக்கும், ஆனால் விளக்கெல்லாம் எரியும் நாள் என்பதால் உள் வரிகள் நன்றாகத் தெரியும். சூலே பகோடாவிலிருந்து மகாபந்தூலா சாலையில் கிழக்கே நடந்து, போ ஆங் ஜோ தெருவில் வடக்கே திரும்பினால் வலப்பக்கம் தலைமைச் செயலகம் முழுவதும் கூடவே வரும். மொத்தம் கால் மணி, இருபது நிமிடம். செயலகத்தின் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே நடங்கள், ஹோய்ன்-ஃபாக்ஸ் விட்ட வேலையை கோய்பர்ஸ் எப்படித் திருப்பினார் என்பது வாசலில் நிற்கும்போது விளங்கும். பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள், முடிந்ததும் கோவில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.